ஓரியின் மலையில் ஒரு ரிங்

நாமக்கல்லில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் என் கையிலிருந்த வலைப்பையைப் பார்த்துவிட்டார். உள்ளே ஆறாம் நம்பர் பாஸ்கெட்பால். "அதை மேல வைக்காதம்மா. வளைவுல உருண்டு யார் தலையிலயாவது விழும். மடியிலயே வச்சுக்க" என்றார்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் சமவெளி. வழியெல்லாம் கோழிப்பண்ணைகள், மரவள்ளிக் காடு. காரவள்ளி வந்ததும் கொல்லிமலை எழுந்து நிற்கிறது. அங்கிருந்து சோளக்காடு போய்ச் சேர எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். என் தோழிக்கு இந்த மலைதான் சொந்த ஊர். எங்கள் கல்லூரி அணியில் ரீபவுண்ட் எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "பலகையைப் பார்த்து எண்ணாதடி, எண்ணினா தலை சுத்தும்" என்று சொல்லி என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்தாள். நான் எண்ணினேன். இருபதைத் தாண்டியதும் பழத்தை முகர்ந்தேன்.

முப்பதுக்கு மேல் ஏதோ ஒரு வளைவில் பை நழுவி, பந்து வெளியே வந்து, கடைசி சீட் வரைக்கும் உருண்டு போனது. பின்னால் இருந்த ஒரு பெரியவர் காலால் தடுத்து நிறுத்தி, குனிந்து எடுத்து, முன் சீட்டுக்காரரிடம் கொடுத்தார். அவர் அதற்கு முன்னால் இருந்த அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா அதைத் தன் சேலையில் துடைத்துவிட்டுப் பக்கத்துப் பையனிடம் தந்தார். நான் எழுந்திருக்கவே இல்லை. ஏழெட்டுக் கை மாறிப் பந்து என் மடிக்குத் திரும்பி வந்தது.

நான் பாயின்ட் கார்டு ஆடுகிறவள். பந்தை மேலே கொண்டுவந்து, யாரிடம் எப்போது தர வேண்டுமோ அப்போது தருவதுதான் என் வேலை. அதனால் அந்தக் காட்சி எனக்குள் தங்கிவிட்டது.

இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் இருந்தது. போன மார்ச்சில் எங்கள் கல்லூரியில் கல்ச்சுரல்ஸ். மேடை போட வேறு இடம் இல்லை என்று எங்கள் கோர்ட்டிலேயே போட்டார்கள். பந்தல் கால் நட சிமென்ட் தரையைத் துளைத்தார்கள். சினிமாப் பின்னணிப் பாடகர் ஒருவர் வந்தார். அன்று அந்தக் கோர்ட்டில் நின்ற கூட்டத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். மூன்று வருடமாக நாங்கள் ஆடிய ஆட்டம் எதற்கும் ஐம்பது பேர் வந்ததில்லை. அன்று ஆயிரக்கணக்கில் நின்றார்கள். நானும் பாடினேன், ஆடினேன், தொண்டை கட்டும் வரை கத்தினேன். அந்தப் பாட்டுகள் எனக்கு உயிர். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பயிற்சிக்குப் போனபோது தரையில் துளைகள் அப்படியே இருந்தன. சாந்து வைத்துப் பூசினார்கள், சரியாகப் பிடிக்கவில்லை. இடது பக்க ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு துளை. அதன்மேல் பந்து பட்டால் இன்றைக்கும் எழும்பாமல் சறுக்கி ஓடிவிடும். பிறகு உள்ளூர்ப் போட்டி ஒன்றின் கடைசி நிமிடத்தில் என் கையிலிருந்த பந்து அங்கேதான் போனது. நாங்கள் தோற்றோம்.

கோபம் அந்தப் பாடகர்மேல் இல்லை, கூட்டத்தின்மேலும் இல்லை. ஒரு பாட்டுக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள், ஓர் ஆட்டத்துக்கு ஐம்பது பேர் வருவதில்லை. ஏன்? அந்தக் கேள்வியைத்தான் பந்தோடு சேர்த்து மலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "ஊருக்கு வா, ரெண்டு நாள் கிடந்துட்டுப் போ" என்று தோழி கூப்பிட்டிருந்தாள். ஆடிப் பதினெட்டு முடிந்து அடுத்து வந்த சனிக்கிழமை.

சோளக்காட்டில் பஸ் நின்றதும் குளிர் முகத்தில் அடித்தது. சந்தைப் பக்கம் பலாச்சுளை வாசனையும் அன்னாசி வாசனையும் கலந்து வந்தன. சாலையோரம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது. அடியில் காப்பிச் செடி. கீழே நாமக்கல்லில் வியர்த்து வழிந்த எங்களுக்கு இங்கே சட்டைக்கு மேல் சட்டை தேவைப்பட்டது.

செம்மேட்டில், இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு. நாங்கள் போனபோது விழா முடிந்துவிட்டது. சிலைக்குப் போட்ட மாலைகள் வாடித் தொங்கின, சாமந்தி இதழ்கள் பீடத்தில் உதிர்ந்து கிடந்தன. பள்ளிக்கூடத்தில் கடையேழு வள்ளல்களை மனப்பாடம் செய்தபோது ஓரி எனக்கு ஒரு பெயர் மட்டும்தான். பேகன் மயிலுக்குப் போர்வை தந்தான், பாரி முல்லைக்குத் தேர் தந்தான் என்று இரண்டு மதிப்பெண் வாங்கியதோடு சரி. அந்த மலையில், அந்தச் சிலைக்கு முன்னால் நின்றபோதுதான் புறநானூற்றின் 152-ஆம் பாட்டு எனக்கு வேறு மாதிரி விளங்கியது.

வன்பரணர் பாடியது. காட்டில் ஒரு வேட்டுவன் அம்பு விடுகிறான். அது யானையை வீழ்த்துகிறது. புலியைக் கொல்கிறது. மானை உருட்டுகிறது. காட்டுப்பன்றியைச் சாய்க்கிறது. கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. எல்லாம் ஒரே அம்பு. விளையாட்டு பார்க்கிறவர்கள் எந்தக் காலத்திலும் மறுபடி மறுபடி சொல்லிச் சொல்லி மகிழ்கிற வகைக் காட்சி இது. தோழி விரல்விட்டு எண்ணினாள். "அஞ்சு. நாம அஞ்சு பேரு கை மாத்திக் கொண்டுபோய் ரிங்ல போடுற பந்து மாதிரி இல்ல?" என்றாள்.

அந்தப் பாட்டு அம்போடு முடிந்துவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். எய்தவன் யாரென்று பாணர் கூட்டத்துக்குத் தெரியாது. இவன் ஓரியாகவே இருக்கலாம் என்று எண்ணி யாழும் முழவும் எடுத்துப் பாடுகிறார்கள். அவர்கள் மன்னனைக் குறிக்கும் சொல்லைச் சொன்னதும் அவன் நாணுகிறான். தன் பெயரைச் சொல்லவில்லை. வேட்டையாடிய இறைச்சியைத் தருகிறான், பொன்னும் மணியும் தருகிறான், போகிறான். புலவர் கண் அம்பையும் பார்த்தது, அம்பு விட்ட பிறகு அந்த ஆள் நின்ற விதத்தையும் பார்த்தது. பின்னாளில் முள்ளூர் மலையமான் காரியோடு நடந்த போரில் ஓரி மடிந்தான், கொல்லி சேரர் கைக்குப் போனது. நாடு போய், குடி போய், இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகில் ஆகிவிட்டது. அந்தக் காட்டில் ஓரிக்கு நிகராக அம்பு விட்ட வேடர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! செம்மேட்டில் மாலை விழுவது பாட்டில் வந்தவனுக்குத்தான்.

தோழியின் ஊர் செம்மேட்டிலிருந்து உள்ளே தள்ளி. வீட்டில் பையை வைத்த கையோடு பந்தை எடுத்துக்கொண்டு அவள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மைதானம் செம்மண். ஒரு ஓரத்தில் இரும்புக் கம்பம், அதில் தகரப் போர்டு, ஒரே ஒரு ரிங். வலை கிடையாது. ரிங் முன்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. எத்தனையோ பிள்ளைகள் தொங்கி விளையாடிய சாய்வு அது. ரிங்குக்குப் பின்னால் நிலம் சரிந்து காப்பித் தோட்டத்தில் இறங்குகிறது.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் வெறுங்கால். பந்தின் மேல்தோல் முழுக்கத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. எங்கள் பந்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராக வந்து அதன் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார்கள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஒரு ரிங் என்பதால் இரண்டு அணியும் அதிலேயே போட வேண்டும். பந்து கைமாறினால் ஒரு வேப்பங்கன்று வரை போய்த் திரும்பி வந்துதான் தாக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு விதி. பந்து காப்பித் தோட்டத்துக்குள் போனால் கடைசியாகத் தொட்டவர்தான் போய் எடுத்து வர வேண்டும். அது வரைக்கும் எல்லாரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள்.

ஆடத் தொடங்கிக் கால் மணி நேரம் இருக்கும். மேகம் இறங்கிவிட்டது. முதலில் காப்பிச் செடிகள் மறைந்தன, பிறகு கம்பம், பிறகு ரிங். பத்தடி தள்ளி நின்றவளின் சட்டை நிறம் மட்டும் தெரிந்தது. நான் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "போடுங்க அக்கா!" என்று எங்கிருந்தோ குரல் வந்தது. எங்கே போடுவது? பிள்ளைகள் நிறுத்தவே இல்லை. ஒரு பையன் வெள்ளைக்குள் பந்தை எறிந்தான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்கள். "டங்" என்றால் இரும்பில் பட்டது. "தட்" என்றால் தகரத்தில் பட்டது. சத்தமே இல்லாமல் ஒரு கணம் கழித்து மண்ணில் பொத்தென்று விழுந்தால், பாஸ்கெட். அந்தச் சத்தமில்லாத கணத்துக்கு அவர்கள் போட்ட கூச்சலை எந்த ஸ்டேடியத்திலும் நான் கேட்டதில்லை.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் இருந்தாள். மெலிந்த உடம்பு, இரட்டைச் சடை. மேகத்துக்குள் அவள் கொடுத்த ஒரு பாஸ் என் நெஞ்சுக்கு நேராக வந்து கையில் உட்கார்ந்தது. நான் அங்கே இருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "உங்க ஷூ சத்தம் கேட்டுச்சு அக்கா. இங்க நீங்க ரெண்டு பேரு மட்டும்தான் ஷூ போட்டிருக்கீங்க" என்றாள்.

மழை பிடித்ததும் பள்ளித் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். இந்த விளையாட்டை யார் கண்டுபிடித்தது என்று ஒருவன் கேட்டான். தெரிந்த கதையைச் சொன்னேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் கூரைக்குள் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று பழக்கூடை இரண்டை மாடத்தில் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கூடைக்கு அடி இருந்தது. ஒவ்வொரு முறை பந்து விழும்போதும் யாராவது ஏறி எடுக்க வேண்டும். பிள்ளைகள் சிரித்தார்கள். "நமக்குக் காப்பித் தோட்டம், அவங்களுக்கு ஏணி" என்றான் ஒருவன். அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் ஆட்டம் நம் ஊருக்கும் வந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றைக்கும் நந்தனத்தில் இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற பிடி சார்கள் ஊர் ஊராகப் போய்க் கம்பம் நட்டார்கள். இந்தத் தகரப் போர்டும் அந்த வரிசையில் வந்ததுதான்.

அப்போதுதான் அந்த இரட்டைச் சடைப் பெண் கேட்டாள். "இந்த ஆட்டத்துல யாருக்கா பெரிய ஆளு?"

மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டீஃபன் கறி என்று என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல?" என்றாள்.

நான் சற்று நேரம் பேசவில்லை. பெண்ணாகப் பிறந்து, பத்து வருடமாக இந்த ஆட்டத்தை ஆடி, ஒரு பெண் பிள்ளை கேட்டதற்கு நான்கு அமெரிக்க ஆண்களின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். பிறகுதான் சொன்னேன். அனிதா பால்துரை. சென்னைக்காரர். 2000-க்குப் பிறகு ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடியவர், அணித்தலைவராக இருந்தவர். தாயான பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

"படம் இருக்கா அக்கா?"

சினிமாவைக் கேட்கிறாள் என்று நினைத்து, "இல்ல, இன்னும் யாரும் எடுக்கல" என்றேன். அவள் குழம்பிப்போய், "இல்லக்கா, போட்டோ... எப்படி இருப்பாங்கன்னு பாக்க" என்றாள். போனை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போனது. தாழ்வாரத்தின் மூலைக்குப் போய்க் கையை உயர்த்திப் பிடித்தேன். படம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் தெரிந்தது. முதலில் நெற்றி, பிறகு கண்கள், பிறகு நீல ஜெர்சி. ஐந்தாறு தலைகள் அந்தச் சின்னக் கண்ணாடிமேல் குனிந்திருந்தன. அவள் கடைசிவரை பார்த்தாள். "நம்மள மாதிரியே இருக்காங்க" என்றாள்.

அன்று இரவு ராகிக் களியும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, கம்பளிக்குள் கிடந்தும் தூக்கம் வரவில்லை. நான் எப்படி இந்த ஆட்டத்துக்கு வந்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் கரூர். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். மே மாதம் திருவள்ளுவர் மைதானத்தில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பைக்கு அகில இந்திய பாஸ்கெட்பால் போட்டி நடக்கும். வேலை முடிந்து எண்ணெய்க் கையோடு வந்து, அப்பா என்னைத் தோளில் உட்காரவைத்து ராத்திரி ஆட்டம் காட்டுவார். ராணுவம், கடற்படை, வங்கி அணிகள் என்று நெடிய மனிதர்கள் விளக்கு வெளிச்சத்தில் ஓடுவார்கள். விதை அங்கே விழுந்தது. ஆனால் முளைக்கவைத்தது சினிமாவும் காமிக்ஸும்தான், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. டிவியில் 'வல்லினம்' பார்த்தோம். அறிவழகன் இயக்கி நகுல் நடித்து 2014-இல் வந்த படம். கிரிக்கெட்டையே கொண்டாடும் கல்லூரியில் பாஸ்கெட்பாலுக்காக ஒருவன் நிற்கும் கதை. படம் முடிந்த மறுநாள் என் தம்பி பெயின்ட் வாளி ஒன்றின் அடியை அறுத்துச் சந்துச் சுவரில் ஆணியடித்தான். நெய்ஸ்மித்தின் பெயரே தெரியாமல் அவர் செய்ததையே செய்தான். அந்த வாளியில்தான் நான் லே-அப் கற்றேன்.

அந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த படத்தொகுப்புக்காக, சாபு ஜோசப்புக்கு. பொருத்தமான விருது. அவ்வளவு வேகமான ஆட்டத்தைத் திரையில் ஓடவைப்பது கத்தரிக்கோலின் கையில்தான் இருக்கிறது. ஆனால் ஆடுகிறவளாக எனக்கு ஒரு குறை உண்டு, அது இந்தப் படத்தின்மேல் மட்டுமல்ல, எல்லா விளையாட்டுப் படங்களின்மேலும். கேமரா எப்போதும் பந்தின் பின்னாலேயே போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது நிமிட ஆட்டம், கோர்ட்டில் பத்து பேர், ஒரு பந்து. சமமாகப் பங்கு வைத்தால் ஆளுக்கு நான்கு நிமிடம். மீதி முப்பத்தாறு நிமிடம் கையில் பந்தில்லாமல்தான் ஆடுகிறோம். தோழியைத் துரத்துகிறவளின் வழியை மறித்து நின்று, அதாவது ஸ்கிரீன் போட்டு, நெஞ்சில் இடி வாங்குவது, வராத பந்துக்காக மூலை வரை ஓடித் தடுப்பவளை இழுத்துக்கொண்டு போவது, தோழியின் கைக்குப் பந்து போய்ச் சேர வழிவிடுவது, எல்லாம் அந்த முப்பத்தாறு நிமிடத்தில்தான் நடக்கின்றன. அது திரையில் வருவதில்லை.

அதைக் காட்டிய ஒரு படைப்பு எனக்குத் தெரியும். ஜப்பானில் தக்கேஹிக்கோ இனோவே 1990 முதல் 1996 வரை வரைந்த 'ஸ்லாம் டங்க்' காமிக்ஸ். ஒரு பெண்ணின் கவனத்தைப் பெறப் பாஸ்கெட்பால் அணியில் சேரும் முரட்டுப் பையன் சக்குராகி. அவனுக்கும் அதே அணியின் பெரிய ஆட்டக்காரன் ருக்காவாவுக்கும் கடைசிவரை பகை. ருக்காவா சக்குராகிக்குப் பாஸ் தர மாட்டான். நாட்டிலேயே வலிய அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகள் வருகின்றன. பக்கம் பக்கமாக ஒரு வார்த்தை இல்லை. வெறும் படம். ருக்காவாவை இருவர் மறிக்கிறார்கள், அவன் பந்தைச் சக்குராகிக்குத் தருகிறான். வென்ற பிறகு இருவரும் கையோடு கை அறைந்துகொள்கிறார்கள். முதல் முறை படித்தபோது விடுதி அறையில் அழுதேன். ஐந்தாண்டுக்கு மேல் வரைந்த கதையின் உச்சம் ஒரு பாஸ். அடுத்த ஆட்டத்தில் சக்குராகியின் அணி தோற்றுவிடுகிறது என்பதை இனோவே ஒரு சில வரியில் சொல்லி முடித்துவிட்டார். பிறகு 2022-இல் அவரே இயக்கிய படத்தில் கதையின் நடுவே வந்து நின்றது ஒக்கினாவா தீவிலிருந்து வந்த குட்டையான பாயின்ட் கார்டு மியாகி ரியோத்தா. என் இடத்தில் ஆடுகிறவன். அந்தக் காமிக்ஸைப் படித்து ஜப்பானில் ஒரு தலைமுறையே பாஸ்கெட்பால் ஆட வந்தது. அதன் டிவி கார்ட்டூனின் தொடக்கப் பாட்டில் வரும் கமக்குரா ரயில் கேட்டைப் பார்க்க இன்றைக்கும் உலகமெங்கிலுமிருந்து ஆள் போகிறார்கள்.

நம்மிடம் கதை இல்லையா? பஞ்சாபில் பல்லோக்கே என்ற கிராமத்தில் பிறந்த சத்னாம் சிங், ஏழடிக்கு மேல் உயரம். 2015-இல் அமெரிக்காவின் டல்லாஸ் மாவரிக்ஸ் அணி அவரை 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் தேர்வில் இந்தியாவிலிருந்து எடுக்கப்பட்ட முதல் ஆள். அந்த லீகின் முதன்மைப் போட்டி ஒன்றிலும் அவர் இறங்கவில்லை. இன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொழில்முறை மல்யுத்தம் செய்கிறார். அவருடைய கதையை 2016-இல் ஆவணப்படமாக்கியது அமெரிக்கர்கள். நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் சென்னையில் நடந்த சீனியர் தேசியப் போட்டியில் தமிழக ஆண்கள் இறுதியாட்டத்தில் பஞ்சாபை வென்றார்கள். எங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பெரியகுளம் போன்ற ஊரில் கோடைதோறும் நாட்டின் பெரிய அணிகள் வந்து ஆடிவிட்டுப் போகின்றன. தேனி மாவட்டத்துக்கு வெளியே யார் பேசுகிறார்கள்?

மறுநாள் காலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கைக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், செங்குத்தாக. இறங்கும்போது முழங்கால் பேசும், ஏறும்போது தொடை பேசும். கீழே அய்யாறு ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. கிட்டப் போக முடியவில்லை. சாரலே ஆளைத் தள்ளியது. பாறையில் ஒட்டி நின்று நனைந்தோம். ஏறி வரும்போது தோழி ஒவ்வொரு ஐம்பது படிக்கும் நின்று, எனக்காகக் காத்திருந்து, பிறகு ஏறினாள். மலைப்பெண்ணுக்கு அந்தப் படிகள் ஒன்றுமில்லை. முன்னால் போய்விட்டிருக்கலாம்.

மேலே வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தோம். ஆட்டுக்கால் போல ரோமம் அடர்ந்த கிழங்கு. தோலைச் சீவி, இடித்து, மிளகும் சீரகமும் போட்டுக் கொதிக்கவைத்துத் தருகிறார்கள். கடைக்கார அம்மா சொன்னார்: "முன்னாடி இத நாங்க மட்டும்தான் குடிப்போம் கண்ணு. யூடியூப்காரப் பசங்க வந்து எடுத்துப் போட்டாங்க. இப்ப சென்னையிலருந்து கேட்டு வர்றாங்க." அவர் முகத்தில் பெருமை. அவர் மகளின் படிப்புச் செலவு அந்தக் கடையில் ஓடுகிறது. பொழுதுபோக்கு என்று நாம் இலேசாகச் சொல்கிற ஒன்று, ஒரு கிழங்கைக் கவனித்ததால் ஒரு வீட்டில் அடுப்பு நன்றாக எரிகிறது.

என் கேள்விக்கு விடை அந்தச் சூப் கடையில்தான் எனக்குத் தெளிவாகக் கிடைத்தது. பாட்டும் படமும் எங்கள் ஆட்டத்துக்கு எதிரி இல்லை. அவை இன்னும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கபடியைப் பாருங்கள். 2004-இல் 'கில்லி', 2009-இல் 'வெண்ணிலா கபடிக்குழு', 2014-இல் புரோ கபடி லீக். என் அம்மாவுக்கு இன்று ரெய்டு என்றால் தெரியும், போனஸ் புள்ளி தெரியும். மலையிலிருந்து வந்து பல நாள் கழித்து 'பைசன்' பார்த்தேன். மணத்தி கணேசன் என்ற கபடி வீரரின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்து 2025-இல் வந்தது. இன்னும் நம்மோடு இருக்கும் ஓர் ஆட்டக்காரர் தன் கதைக்கு ஊர் கைதட்டுவதைக் கேட்டார். தியேட்டரில் உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டதெல்லாம் அந்தத் தாழ்வாரத்தைத்தான். "படம் இருக்கா அக்கா?"

சினிமா எடுக்கிறவர்களிடம் ஒரு கல்லூரி மாணவியாக, பாயின்ட் கார்டாகக் கேட்கிறேன். அனிதா பால்துரை கதையை எடுங்கள். குழந்தை பெற்று, மீண்டும் ஷூ கட்டி, நாட்டுக்கு ஆடிய ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை அது. எடுக்கும்போது கேமராவை எப்போதாவது பந்தை விட்டு நகர்த்துங்கள். ஸ்கிரீன் போடுகிறவளைக் காட்டுங்கள். அம்பைப் பாடிய வன்பரணர், எய்தவன் நாணி நின்றதையும் விடாமல் பாடினார்.

கல்லூரி நடத்துகிறவர்களிடம் இன்னொன்று. மேடையைத் தாராளமாகப் போடுங்கள், பாட்டு வேண்டும். ஆனால் கோர்ட்டைத் துளைக்காதீர்கள். அந்த மலைப் பள்ளிக்கு யாராவது ஒரு கம்பிவலை அடித்துக் கொடுத்தால், ரிங்குக்குப் பின்னால் இருபதடி போதும், பிள்ளைகள் பாதி நேரம் காப்பித் தோட்டத்தில் பந்து தேட வேண்டியிருக்காது.

இதைப் படிக்கிற உங்களுக்கு, மே மாதம் கரூர்ப் பக்கமோ பெரியகுளம் பக்கமோ வந்தால், இருட்டிய பிறகு மைதானத்தில் விளக்கு எரியும். பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பின்னால் நிற்கிற பிள்ளைக்குத் தெரியாவிட்டால் தோளில் உட்காரவைத்துக் காட்டுங்கள்.